அம்பு நிற்கும் இடம்

வில் ஒருமுறை வாங்கினால் பல வருடம் ஓடும். அம்பு தொலையும், வெடிக்கும். போனதை மட்டும் வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். வளவுக்குள் விற்பயிற்சி செய்கிறவரின் பணத்தை ஓயாமல் தின்பது இலக்குத்தான். இறக்கக்கண்டி போன்ற ஊரில் அது இரட்டிப்பாய்த் தின்னும். திருகோணமலையிலிருந்து நிலாவெளியைத் தாண்டிப் புல்மோட்டை வீதியில் வடக்கே போனால், களப்பு கடலைத் தொடும் வாயை ஒரு பாலம் கடக்கிறதே, அந்த ஊர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, இடையில் மணல். உள்ளரங்கப் போட்டிகளின் தூரமான 18 மீற்றர் இங்கே பல வளவுகளில் வேலிக்கு வேலி கிடைத்துவிடும். தூரம் கிடைத்த பிறகுதான் தலையிடி தொடங்குகிறது. அம்பை எதில் நிறுத்துவது?

‘கெட்டியான எதிலாவது’ என்பதுதான் பலரும் யோசிக்காமல் சொல்லும் பதில். கெட்டியானது அம்பை முறிக்கும். முறிக்காவிட்டால் தான் உடையும். ஏன் என்று பார்க்க ஒரு சின்னக் கணக்குப் போதும்.

நாற்பது இறாத்தல் இழுவையுள்ள ரிக்கர்வ் வில்லிலிருந்து 20 கிறாம் அம்பொன்று செக்கனுக்கு 60 மீற்றர் வேகத்தில் வருகிறது என்று வைப்போம். அதனிடம் உள்ள இயக்கசக்தி 36 யூல். இது பெரிய தொகையல்ல. ஒரு கிலோ எடை மூன்றரை மீற்றருக்குச் சற்றுக் கூடிய உயரத்திலிருந்து விழுந்தால் இவ்வளவு சக்தி வரும். ஆனால் இந்த 36 யூலும் வந்து இறங்குவது ஐந்தரை மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு முனையில், வெறும் 24 சதுர மில்லிமீற்றரில். இலக்கு அதை 20 சென்ரிமீற்றர் ஆழத்தில் நிறுத்தினால் சராசரியாக 180 நியூற்றன் விசை கொடுக்க வேண்டும். எடுக்கும் நேரம் ஏறக்குறைய ஏழு மில்லிசெக்கன். அந்த ஏழு மில்லிசெக்கனில் அம்பு படும் வேகக்குறைப்பு புவியீர்ப்பைப் போல் 900 மடங்கு. இதே அம்பு சீமெந்துச் சுவரில் ஒரு சென்ரிமீற்றருக்குள் நின்றால் விசை 3600 நியூற்றன் ஆகிவிடும். சுமார் 370 கிலோ பாரத்தை ஒரு மெல்லிய காபன் குழாயின் தலையில் நெட்டுக்கு நெட்டாய் வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும்.

ஆக, முதல் தேவை ஆழம். ஆழம் இருந்தால் மட்டும் இலக்கு நீடித்துவிடாது. அந்த 36 யூல் எங்கே போகிறது என்பதில்தான் விசயம் இருக்கிறது. அது போக முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அம்பின் தண்டுக்கும் இலக்கின் பொருளுக்கும் இடையிலான உராய்வு. அதில் சக்தி வெப்பமாகிக் காற்றோடு போய்விடும். இலக்குக்குப் பெரிய சேதமில்லை. மற்றது கிழிப்பு: நாரை அறுப்பது, போமின் கண்ணறைகளை உடைப்பது, வைக்கோலை நொறுக்குவது. அதில் செலவான ஒவ்வொரு யூலும் இலக்கின் ஆயுளிலிருந்து கழிந்ததுதான். நல்ல இலக்கு முப்பத்தாறில் பெரும்பங்கை உராய்வில் வாங்கிக்கொண்டு, கிழிப்புக்குக் கொஞ்சத்தை மட்டும் விடும். எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும் என்பது என் எண்ணம்: முனை உள்ளே போகும்போது இது விலகுகிறதா, அறுபடுகிறதா?

வேட்டை அம்பின் நோக்கம் இதற்கு நேர் எதிரானது. இலங்கை வேடர்களின் அம்புகளில் அகன்ற இரும்பு அலகு பொருத்தியவை உண்டு. அறுப்பதே அவற்றின் வேலை. புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வல்வில் ஓரி விட்ட அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி என்று ஊடுருவி, கடைசியில் புற்றருகே கிடந்த உடும்பில் தைத்து நிற்கிறது. நடக்கக்கூடியதா என்ற விசாரணையை விட்டுவிடுவோம். வன்பரணர் அடுக்கிய வரிசைதான் எனக்குச் சுவையாகப் படுகிறது. அம்பின் வேகம் குறையக் குறைய, குறுக்கே வரும் உடலும் ஏறக்குறையச் சிறிதாகிக்கொண்டே போகிறது. சக்தி செலவாகித் தீரும் ஒரு பண்டம் என்பதைப் பாடியவர் எங்கோ உணர்ந்திருக்கிறார். வளவில் பழகுகிறவருக்கு இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. அலகுள்ள வேட்டை முனையால் பயிற்சி இலக்கில் எய்யாதீர்கள். ஒரு பின்னேரத்திலேயே இலக்கு குதறப்பட்டுவிடும்.

விலகும் பொருளில் மூத்தது வைக்கோல். ஐரோப்பியர் வைக்கோலை ஈரப்படுத்தி, முறுக்கிக் கயிறாக்கி, அந்தக் கயிற்றைப் பாய்போல் வட்டமாகச் சுருட்டி, சுருள்களை நெருக்கித் தைத்து இலக்காக்கினார்கள். அம்பு சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையில் நுழைகிறது; தாள்கள் ஒதுங்குகின்றன; அம்பைப் பிடுங்கியதும் தையலின் இறுக்கம் இடைவெளியை மூடுகிறது. யப்பானில் மக்கிவாரா என்று ஒரு வைக்கோல் உருளை உண்டு. தாள்களை ஒரே திசையில் அடுக்கி இறுகக் கட்டி, வெட்டுமுனைகள் வில்லாளியைப் பார்க்கும்படி வைப்பார்கள். ஒரு வில் நீளத் தூரத்தில் நின்று அதில் எய்து பழகுவது கியூடோ என்ற யப்பானிய வில்வித்தையின் மாணவர்களுக்கு முதல் பாடங்களில் ஒன்று. மேகாலயாவின் சில்லோங் நகரில் ‘தீர்’ என்ற அம்புப் பந்தயம் ஞாயிறு தவிர மற்ற நாட்களில் நடக்கிறது. காசி இன வில்லாளிகள் பலர் அரைவட்டமாய் இருந்துகொண்டு வைக்கோல் உருளையொன்றில் நூற்றுக்கணக்கான அம்புகளை எய்கிறார்கள். தைத்த அம்புகளின் எண்ணிக்கையில் கடைசி இரண்டு இலக்கங்கள் எவையாய் இருக்கும் என்று ஊரே பணம் கட்டுகிறது. வைக்கோல் நைந்துபோனால் இன்னொரு கட்டு. விலையும் அதிகமில்லை, வயலும் பக்கத்தில் இருக்கிறது. அந்த மாதிரி ஊரில் இலக்கின் ஆயுள் பற்றி யாரும் அத்தியாயம் எழுத வேண்டியதில்லை.

திருகோணமலை மாவட்டத்திலும் வயலுக்குக் குறைவில்லை. கந்தளாயிலிருந்து வைக்கோல் ஏற்றி வரலாம். ஆனால் இன்றைய வைக்கோலில் ஒரு குறை உண்டு. வெட்டலும் சூடடிப்பும் ஒன்றாய்ச் செய்யும் இயந்திரம் தாளைக் குட்டை குட்டையாக முறித்துத் துப்புகிறது. அந்தச் சிம்பில் கயிறு திரிக்க முடியாது, முறுக்கு நிற்காது. கையால் அரிந்து அடித்த நீளத் தாள் எங்காவது கிடைத்தால் மட்டும் வைக்கோல் இலக்கை யோசியுங்கள். நெல் வைக்கோலில் ஏறக்குறையப் பத்து வீதம் சிலிக்கா இருப்பதால் அது மற்ற வைக்கோல்களைவிட மெதுவாகவே உக்கும் என்பது ஒரு சாதகம். அந்தச் சாதகத்தை இந்தக் கரையின் உப்பு எப்படிக் கெடுக்கிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

ஹாட்வெயார் கடைக்குப் போனால் கடைக்காரர், “தம்பி, ரெஜிபோம் ரெண்டிஞ்சி இருக்கு, கொண்டு போங்க, நல்லாக் குத்தி நிக்கும்” என்பார். நிற்கும், முதல் கிழமை. ரெஜிபோம் என்பது விரித்த பொலிஸ்ரைரீன். அதன் கண்ணறைச் சுவர்கள் அறை வெப்பநிலையில் கண்ணாடித்தன்மை கொண்டவை. வளையாது, நொறுங்கும். அம்பு போன இடத்தில் நிலையான ஓட்டை. மூடிக்கொள்ளும் பேச்சே இல்லை. அம்பின் சக்தி முழுக்கக் கிழிப்புக் கணக்கில் போகிறது. உடைந்த மணிகள் கச்சான் காற்றில் வளவெல்லாம் பறந்து கடைசியில் கடலில் போய் மிதக்கும். மீன்பிடித் துறையில் அதைப் போதுமான அளவு பார்த்துவிட்டோம்.

வெளிப்பார்வைக்கு ரெஜிபோம்போலவே இருக்கும் பொலிஎத்திலீன் போமின் குணம் வேறு. தொலைக்காட்சிப் பெட்டிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் அணைவாக வருகிற, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து மெல்ல மீண்டு வருகிற அந்த வெள்ளைப் போம்தான். அதன் மூலக்கூற்றுச் சங்கிலிகள் அறை வெப்பநிலையில் நெளிந்து கொடுக்கும்; கண்ணறைகள் மூடியவை, உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது. முனை தள்ளும்போது காற்று அமுங்கி, முனை போனதும் திரும்ப விரிகிறது. கடைகளில் ‘தானாய் மூடிக்கொள்ளும்’ இலக்கு என்று விற்பது பெரும்பாலும் இந்தக் குடும்பத்துப் போம்தான். மூடிக்கொள்வது போல் தோன்றினாலும் அறுபட்ட சுவர் ஒட்டுவதில்லை. அக்கம்பக்கத்துக் கண்ணறைகளின் அமுக்கம் பிளவை நெருக்கி வைக்கிறது, அவ்வளவே. ஆகவே போமை முழுக் கட்டியாய் வைத்து முகத்தில் குத்துவதைவிட, தகடுகளாய் வெட்டி அடுக்கி, அடுக்கின் விளிம்பு வில்லாளியைப் பார்க்கும்படி நிறுத்தி, மேலும் கீழும் இறுக்குவது எவ்வளவோ மேல். கட்டாக அடுக்கிய பழைய பேப்பர்களின் விளிம்பில் கத்தியைச் செருகிப் பாருங்கள். ஒரு தாளும் கிழியாமல் கத்தி உள்ளே போகும், வெளியே எடுக்கத்தான் கை வலிக்கும்.

அந்தக் கைவலியைக் கணக்கிடலாம். ஐந்தரை மில்லிமீற்றர் தண்டு 20 சென்ரிமீற்றர் புதைந்திருக்கும்போது போமைத் தொடும் பரப்பு 35 சதுர சென்ரிமீற்றர். ஆழம் கூடக் கூட உராய்வும் சீராகக் கூடுவதாக எடுத்தால், நிற்கும் தறுவாயில் விசை சராசரியின் இரட்டிப்பு, அதாவது 360 நியூற்றன். உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்தால், தண்டைச் சுற்றிப் போம் கொடுக்க வேண்டிய அழுத்தம் மூன்றரை வளிமண்டலம். தளர்வாய் அடுக்கிய போமால் இது முடியாது. அடுக்கை இறுக்குவதுதான் இந்த இலக்கின் உயிர். காலப்போக்கில் போம் தொய்ய, இறுக்கம் குறைய, அம்பு ஆழமாய்ப் போகத் தொடங்கும். அப்போது புதுப் போம் வாங்க ஓடாமல் முதலில் இறுக்கிப் பாருங்கள்.

கப்பி பொருத்திய கொம்பவுண்ட் வில் வைத்திருப்பவர்கள் இன்னொரு கணக்கையும் போட வேண்டும். 26 கிறாம் அம்பு செக்கனுக்கு 95 மீற்றரில் வந்தால் சக்தி 117 யூல், முந்தியதைப்போல் மூன்றேகால் மடங்கு. உராய்வு ஆழத்தோடு கூடும் இலக்கில் ஆழம் சக்தியின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும்; 20 சென்ரிமீற்றர் 36 ஆகும். உராய்வு கூடாமல் ஒரே அளவில் நிற்கும் தளர்ந்த இலக்கிலோ 65 சென்ரிமீற்றர், அதாவது மறுபக்கத்தால் வெளியே. வெப்பமும் சேர்ந்துகொள்ளும். பொலிஎத்திலீன் 110 பாகையளவில் உருகத் தொடங்குவது, வெப்பத்தையும் கடத்தாது. உராய்வின் சூடு உள்ளே பரவ வழியில்லாமல் தண்டைத் தொடும் மெல்லிய தோலிலேயே தேங்குகிறது. கொம்பவுண்ட் அம்பைப் பிடுங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். முனைக்குப் பின்னால் பாலாடைபோல ஒரு மங்கல் வளையம் ஒட்டியிருக்கும். உருகி மீண்டும் இறுகிய போம். அடுத்த எய்தலில் அந்த வளையம் இன்னும் கூடுதலாய் உரசும், இன்னும் சுடும், இன்னும் ஒட்டும். சவர்க்காரக் கட்டியைத் தண்ணீர் தொடாமல் தண்டின் முன்பாதியில் தேய்த்துவிட்டால் இந்தச் சங்கிலி அறும். ஒட்டிய படலத்தை நகத்தால் சுரண்டாமல் துணியால் துடைத்தெடுங்கள். காபன் நாரின் சிம்பு விரலில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு.

இனி உப்பு. இந்தக் கரையில் இலக்குகளை அம்பு கொல்வதைவிட வானிலை கொல்வதுதான் அதிகம் என்பது என் கணிப்பு. கடற்காற்று கொண்டுவரும் நுண்துளிகள் காய்ந்து எல்லாவற்றின் மேலும் உப்பாய்ப் படிகின்றன. சோடியம் குளோரைட்டுக்கு ஒரு எல்லை உண்டு. காற்றின் சாரீரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டு அதற்கும் வெகு கீழேயே ஈரம் இழுக்கும். கரையோர இரவுகள் அந்த எல்லையைத் தாண்டுவது வழக்கம். மழைத்துளி ஒன்றும் விழாத ஆடி மாதத்திலும், விடியற்காலையில் வைக்கோல் இலக்கில் கை வைத்தால் தாள்கள் துவண்டு பிசுபிசுப்பது இதனால்தான். பத்து மணிக்கு முறுகும். இரவில் மறுபடி ஊறும். ஊறிக் காய்ந்து ஊறிக் காயும் நார் வீங்கிச் சுருங்கித் தன்னைத் தானே உடைக்கிறது, தையல் தளர்கிறது. உள்ளே எப்போதும் கொஞ்சம் ஈரம் தங்குவதால் பூஞ்சணமும் கறையானும் வந்து குடியேறும்.

போமுக்கு ஈரம் பகையில்லை, வெயில் பகை. ஊர் நிற்பது வட அகலக்கோடு ஒன்பது பாகைக்குச் சற்றுக் குறைவில். சூரியன் ஏப்ரல் நடுப்பகுதியில் ஒருமுறை, ஓகஸ்ட் கடைசியில் ஒருமுறை நேர் உச்சியைக் கடக்கிறது. இடைப்பட்ட மாதங்களில் அது வடக்குச் சாய்ந்து நிற்கும். அந்த மாதங்கள்தான் கச்சான் வீசும், மேகமில்லாத, ஈவிரக்கமற்ற மாதங்கள். தெற்குப் பார்த்த இலக்கு மற்ற ஏழரை மாதம் வெயில் வாங்கும், வடக்குப் பார்த்தது இந்த நாலரை மாதம் வாங்கும். எந்தத் திசையிலும் தப்ப முடியாது. புறஊதாக் கதிர் பொலிமர்ச் சங்கிலிகளை வெட்டுகிறது. பொலிப்புரப்பிலீனின் சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒரு காபனில் தளர்வாய்ப் பிணைந்த ஐதரசன் ஒன்று இருப்பதால் அது பொலிஎத்திலீனைவிடச் சீக்கிரம் சாகும். வெயிலில் கிடந்த பொலிப்புரப்பிலீன் யூரியாப் பை சில மாதத்தில் கையோடு கையாய்த் தூளாய் உதிர்வதை இங்கே பார்க்காதவர் இல்லை. அந்தப் பையில்தான் பலர் துணியை அடைத்து இலக்கு என்று தூக்கிவிடுகிறார்கள்.

மருந்து பக்கத்திலேயே கிடக்கிறது. இதே வீதியில் இன்னும் வடக்கே போனால் புல்மோட்டை. அங்கே கரையில் கறுப்பாய் மின்னும் மணலில் இல்மனைட்டும் றூட்டைலும் சேர்ந்திருக்கின்றன. அரச நிறுவனமான லங்கா மினரல் சாண்ட்ஸ் அதை அள்ளிப் பிரித்து ஏற்றுமதி செய்கிறது. இல்மனைட் இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த ஒக்சைட்டு. அதிலிருந்து இரும்பை நீக்கிச் செய்யும் டைட்டேனியம் டைஒக்சைட்தான் உலகத்து வெள்ளைப் பெயின்ற்றில் பெரும்பாலானவற்றுக்கு வெண்மை கொடுப்பது. கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சிதறடிக்கும் அந்தத் தூள், புறஊதாவை விழுங்கிவிடும். கப்பலேறிப் போன மணல் பெயின்ற் வாளியாய்த் திரும்பி வருகிறது. இலக்கின் பக்கங்களிலும் முதுகிலும் நீரில் கரைக்கும் வெள்ளை எமல்சன் இரண்டு பூச்சுப் பூசுங்கள். தின்னர் கலக்கும் பெயின்ற் வேண்டாம். சில போம்களை அது தின்றுவிடும். முகத்தில் பெயின்ற் நிற்காது, அம்பு உரித்துவிடும். முகத்துக்கு எய்யாத வேளையில் ஒரு பழைய சாக்கு தொங்கினால் போதும்.

சாக்குக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. பை இலக்குச் செய்கிறவர்கள் யூரியாப் பையை உள்ளே வைத்து, அதன் மேல் சணல் சாக்கைப் போர்த்துங்கள். வெயிலைச் சாக்கு வாங்கிக்கொள்ளும், பாரத்தை உள்ளே உள்ள பை தாங்கும். சாக்கு கிழிந்தால் இன்னொன்று; உள்ளே இருப்பது அசையாது. நிரப்புவதற்குப் பழந்துணி நல்லது, ஆனால் பொத்தானும் சிப்பும் கொக்கியும் ஒன்றுகூட இருக்கக்கூடாது. அதையெல்லாம் வெட்டி எடுக்க ஒரு முழுப் பின்னேரம் போகும், போகட்டும். பழைய வலையும் சேர்க்கலாம். நைலோன் வலைத் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கி, முனையைச் சுற்றி வளைந்து, அம்பை அருமையாய்ப் பிடிக்கும். துணிபோல் அடியில் போய்த் தங்காது. ஆனால் ஈயக் குண்டுகளை விரலால் தடவித் தடவி ஒன்றுவிடாமல் கழற்ற வேண்டும். உள்ளே தங்கிய ஒரே ஒரு குண்டு என்றைக்காவது ஒரு நல்ல அம்பின் தலையைப் பிளக்கும். ஒற்றை இழைத் தங்கூசி வலையை நான் சேர்க்கமாட்டேன். வழுக்கும் இழை அம்பைப் பிடிப்பதும் குறைவு, பிடுங்கும்போது முனையில் கொளுவிக்கொண்டு வெளியே வருவதும் அதிகம்.

என்னைக் கேட்டால் இந்தக் கரைக்குப் பொருத்தமான நிரப்பி தென்னந்தும்பு. நார்களில் தும்பு தனி ரகம். சணல் முறிவதற்கு முன் இரண்டு வீதம்கூட நீளாது. தும்பு தன் நீளத்தில் கால்பங்கு வரை நீண்டு கொடுக்கும். நாருக்குள் செலுலோசு இழைகள் நெட்டாக ஓடாமல் சரிந்து சுருளாக ஓடுவதால் வந்த குணம் அது. முனை குத்தும்போது அறுபடாமல் நீண்டு விலகி, பிறகு மீள்கிறது. அதன் எடையில் நாற்பது வீதத்துக்குக் குறையாமல் லிக்னின். உக்கலையும் உவர்நீரையும் தும்பு தாங்குவது அதனால்தான். மட்டையை உவர்நீரில் மாதக்கணக்காய் ஊறப்போட்டே தும்பு எடுத்து வந்திருக்கிறார்கள் என்றால், இரவு உப்பு ஈரம் அதை என்ன செய்துவிடப்போகிறது? மெத்தைக்கு அடைக்கும் தும்பை இறுக அடைத்து, கட்டை வைத்து இடித்து, மேலும் அடைக்க வேண்டும். அரைமனதாய் அடைத்த பை ஒரு மாதத்தில் அரைப்பையாகும். போம் அடுக்கைப்போல் அழகாய் இராது. முகம் மேடும் பள்ளமுமாய்த்தான் இருக்கும். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை பிரித்து, உதறி, காயவைத்து, புதிதாய்க் கொஞ்சம் சேர்த்து மறுபடி அடைத்துவிடலாம். போமை அப்படிச் செய்ய முடியாது.

போம் அடுக்குத்தான் வேண்டும் என்பவர்கள் இறுக்குவதற்கு மரைக்கம்பியும் நட்டும் போடுவார்கள். இங்கே மரை துருப்பிடித்து இறுகி, தேவைப்படும் நாளில் அசையாது. வள்ளத்துக்குப் பாவிக்கும் நைலோன் கயிற்றை மேல் பலகைக்கும் கீழ்ப் பலகைக்கும் சேர்த்து இரட்டையாய்க் கட்டி, நடுவில் ஒரு தடியைச் செருகி முறுக்குங்கள். முறுக்க முறுக்க அடுக்கு இறுகும். தடியைப் பலகையில் சாய்த்துக் கட்டினால் அவிழாது. தளரும்போது இன்னும் இரண்டு சுற்று. தோணிக்காரர் வீடுகளில் இந்த வித்தையைப் புதிதாய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

எந்த இலக்கானாலும் அதன் நடுவைக் காப்பாற்றுவது எப்படி என்று கேட்டால், நடுவில் எய்யாதிருப்பதுதான் வழி. ஓரளவு தேர்ந்தவரின் அம்புகள் 20 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் விழும். அந்த வட்டத்தின் பரப்பு 314 சதுர சென்ரிமீற்றர். அம்பின் குறுக்குவெட்டு 0.24. ஏறத்தாழ 1300 அம்புகளில் அந்த வட்டம் முழுக்கத் துளையாகிவிடும். தினமும் அறுபது எய்கிறவருக்கு அது மூன்று கிழமை. 90 சென்ரிமீற்றர்ச் சதுர இலக்கின் முழு முகத்திலும் அதே அம்புகளைப் பரப்பினால் 34,000 தாங்கும். ஒருவரது வில்லோ தேர்ச்சியோ மாறாமல், கடதாசி முகத்தை இடம் மாற்றி மாற்றிக் குத்துவதால் மட்டும் கிடைக்கும் இலாபம் இது. 40 சென்ரிமீற்றர் முகத்தை நான்கு மூலைக்கும் நடுவுக்கும் முறை வைத்து மாற்றுங்கள். போம் அடுக்கானால் தகடுகளை மேலும் கீழும் இடம் மாற்றி அடுக்கலாம்.

இலக்கைப் பின்னுக்குச் சரித்து வைக்கும் வழக்கம் 70 மீற்றர் மைதானத்துக்கு உரியது. அங்கே அம்பு ஐந்தாறு பாகை சரிந்து இறங்குகிறது. 18 மீற்றரில் அம்பு வந்துசேர மூன்றிலொரு செக்கன்கூட ஆகாது. சரிவு ஒன்றரைப் பாகைதான். வளவில் இலக்கு நிமிர்ந்தே நிற்கட்டும். சரிந்த முகம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையை ஏந்தி வாங்கும். மேலே கிடுகோ தகரமோ வைத்து ஒரு தாழ்வாரம் இறக்கி, இலக்கின் அடி நிலத்தில் படாமல் கல்லின் மேல் ஏற்றி வையுங்கள். தறப்பாளால் இறுகப் போர்த்திவிடுவது மழையைத் தடுக்கும், உள்ளிருக்கும் ஈரத்தையும் அடைத்து வைக்கும்; பக்கங்களைத் திறந்து விட வேண்டும்.

இலக்கைத் தவறிய அம்பைப் பற்றியும் பேச வேண்டும். செக்கனுக்கு 60 மீற்றரில் 45 பாகையில் மேலெழும் அம்பு, காற்றுத்தடை இல்லாவிட்டால் 367 மீற்றர் போகும். காற்றுத்தடை அதைக் குறைத்தாலும் அடுத்த வளவையோ வீதியையோ தாண்டப் போதுமான மிச்சம் இருக்கும். கிழக்கே கரைவலை இழுக்கிறவர்கள், மேற்கே வீதி. ஆகவே கரைக்குச் சமாந்தரமாய் எய்து, இலக்கின் பின்னால் மணல் அணை ஒன்று அமைப்பதே எனக்குச் சரியாய்ப் படுகிறது. கியூடோ கூடங்களில் 28 மீற்றருக்கு அப்பால் உள்ள 36 சென்ரிமீற்றர் இலக்கைச் செருகி வைப்பதே அசுச்சி என்ற மணல் மேட்டில்தான். மரத்தூள் கலந்து, நீர் தெளித்து, ஒவ்வொரு நாளும் அதைத் தட்டிச் சீராக்குவார்கள். ஈரமணலின் துகள்களை நீரின் பரப்பிழுவிசை கட்டி வைக்கிறது. காய்ந்தால் மேடு சரிந்துவிடும். காபன் தண்டை மணல் கீறும், ஆகவே இங்கே அது தவறிய அம்புக்கு மட்டும். மணலை உங்கள் வளவிலேயே தோண்டி எடுங்கள். கடற்கரை மணலை அள்ள 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். அணைக்கு மேலே பழைய வலையை நான்கைந்து மடிப்பாய், தளர்வாய்த் தொங்கவிடலாம். இறுக்கிக் கட்டிய வலையை அம்பு துளைத்துப் போகும். தொங்கும் வலை அம்போடு சேர்ந்து நகர்ந்து, நகர்ந்த தூரத்தில் வேகத்தைக் குடிக்கும். இதுவும் முன்பு சொன்ன அதே ஆழத்தின் கணக்குத்தான். அணையும் வலையும் இருந்தாலும், பின்னால் ஆள் நடமாடும் நேரத்தில் எய்ய அனுமதியில்லை என்று வீட்டுச் சட்டம் ஒன்று போட்டுவிடுங்கள்.

அம்பைப் பிடுங்கும்போது ஒரு கையின் உள்ளங்கையை இலக்கில், தண்டுக்கு அருகே அழுத்தி வைத்து, மறுகையால் தண்டை முகத்தோடு ஒட்டிப் பிடித்து நேரே இழுக்க வேண்டும். அசைத்து அசைத்து இழுத்தால் துளை அகலும், தண்டும் வெடிக்கும். உங்களுக்குப் பின்னால் யாரும் நிற்கக்கூடாது. நின்ற அம்பு திடீரென்று விடுபட்டால் அதன் வால் நேரே கண்ணுக்குத்தான் போகும்.

இலக்கு வைத்த முதல் நாளே ஒரு அம்பு எவ்வளவு புதைகிறது என்று அளந்து, தண்டில் பேனையால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அளவை எப்போதும் ஒரே வேளையில் எடுக்க வேண்டும், விடியலில் என்றால் விடியலில். உச்சி வெயிலில் சூடேறிய போம் இளகி இன்னும் ஆழமாய் விடும். மாதம் ஒருமுறை அதே வில்லால், அதே தூரத்திலிருந்து, அதிகம் அடிபட்ட இடத்தில் எய்து பாருங்கள். கோடு உள்ளே போய் மறைந்தால் இறுக்குங்கள், அல்லது தும்பைச் சேர்த்து அடையுங்கள். இறுக்கியும் அடைத்தும் கோடு வெளியே வராமல், இலக்கின் முதுகில் முனை எட்டிப் பார்க்கத் தொடங்கினால், அந்தத் தகட்டையோ பையையோ அன்றைக்கே கழற்றிவிடுங்கள்.